சொல்லற்ற துயரும் உடலின் காவலும்

கண்டி மாநகரிலிருந்து வடக்கே மாத்தளைக்குச் செல்லும் நெடுவீதியில், அக்குறணையைக் கடந்ததும் அலவத்துகொட என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதற்கப்பால் வீதி பலகடுவைக் கணவாயை நோக்கி மேலேறி, பின்னர் மாத்தளைப் பக்கமாக இறங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழருட் பலர் மன்னார்க் கரையோரத்தில் இறங்கி, ஏறக்குறைய 150 மைல் தூரத்தைக் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, மாத்தளை ஊடாகவே கண்டிச் சீமையை அடைந்தனர். கண்டிக்கு 1867ஆம் ஆண்டிலும் மாத்தளைக்கு 1880ஆம் ஆண்டிலுமே புகையிரதம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் வந்தோருக்குக் கால்களே துணை. வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் அவ்வழியிற் பறித்த உயிர்கள் பல்லாயிரம். அரசாங்க ஏடுகளும் தோட்டக் கணக்குகளும் அம்மக்களின் உடல்களை எண்ணின. வந்தோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர், வேலைக்கு உதவுவோர் எத்தனை பேர் என்பன அவற்றிற் பதிவாயின. அவர்தம் உள்ளம் பட்ட பாட்டைப் பதிவதற்கு அவ்வேடுகளில் ஒரு நிரல் இருக்கவில்லை.

உள்ளத்தின் துயர் உடலின் காவலைத் தளர்த்துமா என்பது பழைய வினா. அதனினும் நுண்ணியதொரு வினாவை இருபதாம் நூற்றாண்டு எழுப்பியது. தன்னை வருத்தும் உணர்ச்சி அச்சமா, சினமா, துயரமா என்று தானே இனங்காண இயலாத ஒருவனின் உடல், அதனை இனங்கண்டு சொல்ல வல்லவனின் உடலைவிட நோய்க்கு எளிதில் இரையாகுமா? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு, நோயாளியைப் பிழையாகப் படித்த வரலாறுமாகும். அத்தகைய பிழைகளுள் ஒன்று மாத்தளையிலேயே வெளிப்பட்டது. ஆதலின், அங்கிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குதல் பொருத்தமாம்.

அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் 1916ஆம் ஆண்டிலே இலங்கையிற் கொழுக்கிப்புழு ஒழிப்புப் பணியை மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே தொடங்கியது. வெறுங்காலுடன் மண்ணில் நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, சிறுகுடலைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சுகின்றது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு குருதி இழந்தவன் சோகை பிடித்து, சோர்ந்து, வேலையில் ஊக்கமற்றவனாகின்றான். இந்நோயை அறியாத காலத்தில், அச்சோர்வு நோயாகக் கருதப்படவில்லை. சோம்பல் என்னும் குணக்கேடாகவே கருதப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதுவே நிகழ்ந்தது. அங்கு சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் என்னும் ஆய்வாளர் 1902ஆம் ஆண்டில் இப்புழுவைப் பற்றி எடுத்துரைத்தபோது, செய்தித்தாள்கள் அதனைச் சோம்பலின் கிருமி என்று நகைத்து எழுதின. நகைப்பினுள்ளே ஓர் உண்மை இருந்தது. குணத்தின் மீது சுமத்தப்பட்ட பழி, குடலிலே வாழ்ந்த ஒரு புழுவுக்கு உரியது. உடலின் நோயை உள்ளத்தின் குறையாகப் படித்தல் முதலாவது பிழை.

இதற்கு எதிர்மாறான பிழை அறிவுலகின் உச்சியிலேயே நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள, உணர்ச்சியும் உடலும் பற்றிய ஆய்வின் வளர்ச்சியை நோக்குதல் வேண்டும். அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்ட்டர் கனன், அச்சமும் சினமும் எழும்போது உடலில் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். உணர்ச்சி என்பது உள்ளத்தில் மட்டும் நிகழ்வதன்று; அதிரினற் சுரப்பி, இதயம், இரைப்பை ஆகிய யாவும் அதிற் பங்குகொள்கின்றன என்பது அவர் காட்டிய உண்மை. வியன்னாவிற் பிறந்து கனடாவின் மொன்றியல் நகரிற் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 1936ஆம் ஆண்டில் மேலும் ஒருபடி சென்றார். குளிர், காயம், நஞ்சு என எவ்வகை இடருக்கு உள்ளான எலியிடத்தும் மூன்று மாற்றங்கள் ஒருங்கே தோன்றுவதை அவர் கண்டார். அதிரினற் சுரப்பி பருத்தது. இரைப்பையிற் புண்கள் தோன்றின. தைமசு என்னும் சுரப்பி சுருங்கியது. தைமசு எதற்காக உள்ளது என்பது அன்று தெளிவாகவில்லை. நோயெதிர்க்கும் நிணநீர்க்குழியங்களிற் சில வகைகள் அங்கேயே பக்குவமடைகின்றன என்பது 1960களிலேயே புலனாயிற்று. ஆகவே, நெருக்கடிக்கும் நிர்ப்பீடனத்துக்கும் இடையேயுள்ள தொடர்பின் முதற் சான்று, அதன் பொருள் விளங்குமுன்னரே கிடைத்திருந்தது எனலாம்.

இக்காலத்திலே சிக்காகோவிற் பணியாற்றிய உளப்பகுப்பு மருத்துவர் பிரான்ஸ் அலெக்சாந்தர், ஏழு நோய்களை உள்ளத்தோடு சார்த்தி விளக்கினார். இரைப்பைப் புண், ஈழை, உயர் குருதியமுக்கம், மூட்டுவாதம் என்பன அவற்றுட் சில. அடக்கப்பட்ட உணர்ச்சி ஒவ்வொன்றும் தனக்குரிய உறுப்பைத் தாக்கும் என்பது அவர் கொள்கை. அவர் நூல் 1950ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு தலைமுறைக் காலம் இரைப்பைப் புண்ணாளர் பலர், தம் நோய்க்குத் தம் மனமே காரணமென்று கேட்டு வாழ்ந்தனர். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே பரி மார்ஷலும் ரொபின் வொறனும் 1982ஆம் ஆண்டில் இரைப்பையில் வாழும் ஒரு பற்றீரியாவை வளர்த்துக் காட்டினர். பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணமென்பது பின்னர் நிறுவப்பட்டது. அவ்விருவருக்கும் 2005ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மாத்தளையில் புழுவின் குற்றம் குணத்தின் மீது சுமத்தப்பட்டது போலவே, இங்கு பற்றீரியாவின் குற்றம் உணர்ச்சியின் மீது சுமத்தப்பட்டது. நோயாளியின் வறுமையைப் பழித்தது முன்னையது. அவன் மனத்தைப் பழித்தது பின்னையது. இரண்டிலும் பழி சுமந்தவன் நோயாளியே.

எனினும், உடல்நோயாளருட் சிலரிடம் மருத்துவர்கள் கண்ட ஒரு தன்மை பொய்யன்று. யேர்கன் றூஷ் என்பவர் 1948ஆம் ஆண்டிலும், போல் மக்லீன் என்பவர் 1949ஆம் ஆண்டிலும், தம் உணர்ச்சிகளைச் சொல்லாக்க இயலாத நோயாளரைப் பற்றி எழுதினர். பாரிசில் பியர் மார்ட்டி, மிஷேல் த முசான் ஆகியோர் 1963ஆம் ஆண்டில், செயல்களையும் நிகழ்ச்சிகளையும் மட்டுமே எடுத்துரைத்து, கற்பனையும் உணர்ச்சியும் அற்றதுபோல அமையும் சிந்தனையை விவரித்தனர். கிரேக்க நாட்டிற் பிறந்து பொஸ்டன் நகரிற் பணியாற்றிய பீற்றர் சிவ்னியோஸ், 1972ஆம் ஆண்டில் இத்தன்மைக்கு ஒரு பெயரிட்டார். கிரேக்க மொழியின் இன்மை, சொல், உணர்வு ஆகிய மூன்று கூறுகளையும் இணைத்து, அலெக்சிதைமியா என்று அவர் வழங்கினார். தமிழில் அதனை உணர்வுச்சொல்லின்மை எனலாம்.

இத்தன்மையுடையவன் உணர்ச்சியற்றவன் அல்லன் என்பது கருதத்தக்கது. அவன் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், உறக்கம் கெடும். ஆயினும் அதனை அச்சமென்றோ துயரென்றோ அவன் அறியான். உடல்நோய் என்றே எண்ணுவான். துயரை அறிந்தும் பிறரிடம் மறைப்பவன் வேறு. தனக்கே அது புலப்படாதவன் வேறு. கனடாவின் ரொறன்ரோவைச் சார்ந்த கிறேம் ரெய்லர், மைக்கல் பக்பி, ஜேம்ஸ் பார்க்கர் ஆகியோர் இத்தன்மையை அளக்கும் வினாநிரலை உருவாக்கினர். 1994ஆம் ஆண்டில் அது 20 கூற்றுக்கள் கொண்டதாகத் திருத்தம் பெற்று, உலகெங்கும் பரவியது. உணர்ச்சியை இனங்காண்பதில் இடர்ப்பாடு, அதனை விவரிப்பதில் இடர்ப்பாடு, அகத்தை விட்டுப் புறத்தையே நோக்கும் சிந்தனை என்னும் மூன்றையும் அது தனித்தனியே அளக்கின்றது.

இஃது ஒருபுறமிருக்க, நிர்ப்பீடனத் தொகுதி மூளையிலிருந்து விடுபட்டுத் தானே இயங்குவது என்ற எண்ணம் மறுபுறத்தே தகரலாயிற்று. ஜோர்ஜ் சொலமன், ருடொல்ப் மூஸ் ஆகியோர் 1964ஆம் ஆண்டில் உணர்ச்சி, நிர்ப்பீடனம், நோய் ஆகிய மூன்றையும் இணைத்துக் கட்டுரை வரைந்தனர். ரொபேட் ஏடர், நிக்கலஸ் கோஹன் ஆகியோர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இத்துறையின் அடிக்கல்லாயிற்று. எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்பு நீரையும், நிர்ப்பீடனத்தை ஒடுக்கும் மருந்தொன்றையும் அவர்கள் ஒருசேரக் கொடுத்தனர். பின்னர் இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் எலிகளின் நிர்ப்பீடனம் ஒடுங்கியது. நாவின் சுவையை மூளை நினைவிற்கொண்டது. குருதி அந்நினைவுக்குக் கீழ்ப்படிந்தது.

மனிதரைப் பற்றிய சான்றுகளும் தொடர்ந்தன. அவுஸ்திரேலியாவில் பார்ட்றொப் முதலானோர், வாழ்க்கைத் துணையை இழந்த 26 பேரின் குருதியை ஆராய்ந்து 1977ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். இழப்பு நேர்ந்து ஆறு வாரங்களின் பின் அவர்தம் நிணநீர்க்குழியங்கள் தூண்டலுக்கு மந்தமாகவே விடையளித்தன. ஷெல்டன் கோஹனும் அவருடன் ஆய்ந்தோரும் 394 தொண்டர்களின் மூக்கிலே தடிமன் வைரசுத் துளிகளை இட்டனர். மனநெருக்கடி மிகுந்தோரே மிகுதியாகத் தொற்றுக்கு உள்ளாயினர் என்பதை 1991ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜனிஸ் கீக்கோல்ட்-கிளேசர் முதலானோர், மறதிநோயுற்ற உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் தோலில் ஒரு சிறு காயத்தை உண்டாக்கி, அது ஆறும் காலத்தை அளந்தனர். அத்தகைய சுமையில்லாதோரைவிட அவர்களின் காயம் ஆறுவதற்குச் சராசரி ஒன்பது நாட்கள் மிகுதியாகச் சென்றன. இம்முடிவு 1995ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

இரண்டு ஓடைகளும் 1990களிற் சங்கமித்தன. இத்தாலியில் தொடறெல்லோ முதலானோர் 1994ஆம் ஆண்டில், கருப்பைக் கழுத்திலே புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் தோன்றிய பெண்களை ஆராய்ந்து, உணர்வுச்சொல்லின்மையும் நிணநீர்க்குழியக் குறைவும் ஒருங்கே காணப்பட்டமையை அறிவித்தனர். ரத்னின் தேவராஜா ஜப்பானிய ஆய்வாளருடன் சேர்ந்து 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, உணர்வுச்சொல்லின்மை மிக்கோரிடம் நோயுற்ற கலங்களைக் கொல்லும் நிணநீர்க்குழியங்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததைக் காட்டியது. இவரே பின்னர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையால் இலங்கையில் ஏற்பட்ட உளவடுக்களைப் பற்றியும் கவமுரா என்னும் ஜப்பானிய அறிஞருடன் எழுதினார். பிரான்சில் கில்போ முதலானோர் 2003ஆம் ஆண்டில் அதுவரை கிடைத்த சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர்.

இத்தொடர்பு எவ்வாறு நிகழக்கூடும் என்பதற்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. உணர்ச்சிக்குப் பெயரிட இயலாதவன் அதனைத் தணிக்கும் வழியையும் அறியான். ஆகவே நெருக்கடிக்குரிய உடல்நிலை நெடுநேரம் நீடிக்கின்றது. அதிரினற் சுரப்பியிலிருந்து கசியும் கோட்டிசோல் என்னும் ஓமோன், நீடித்த அளவில் நிணநீர்க்குழியங்களின் செயலை மாற்றுகின்றது. மண்ணீரல் முதலிய உறுப்புக்களை மூளையுடன் இணைக்கும் நரம்பிழைகளும் உள. வயிற்றறைவரை செல்லும் வேகசு நரம்பு அழற்சியைத் தணிக்க வல்லது என்பதைக் கெவின் ட்ரேசியின் குழுவினர் 2000ஆம் ஆண்டில் நிறுவினர். இவையன்றி, உறக்கக் கேடு, மது, காலந்தாழ்த்தி மருத்துவரை நாடுதல் ஆகியனவும் இடையே நின்று தீங்கு செய்யலாம்.

ஆயினும் இச்சான்றுகளின் எல்லையை மறத்தலாகாது. ஆராயப்பட்டோர் தொகை பெரும்பாலும் சிறிது. இரு தன்மைகள் ஒருங்கே காணப்படுதல், ஒன்று மற்றதன் காரணம் என்பதற்குச் சான்றாகாது. நோயே சொல்லின்மைக்குக் காரணமாதலும் கூடும். உடலில் அழற்சி மிகும்போது மனம் மந்தமாகி, உணர்ச்சிகளைப் பிரித்தறியும் கூர்மை குறைதல் இயல்பே. பின்லாந்தில் 2,297 நடுவயது ஆண்களைத் தொடர்ந்து நோக்கிய கௌஹானன் முதலானோர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, உணர்வுச்சொல்லின்மை மிக்கோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. அவ்விறப்புக்களில் விபத்தும் வன்முறையும் தற்கொலையும் அடங்கும். ஆதலின் எல்லாவற்றையும் நிர்ப்பீடனத்தின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. அலெக்சாந்தரின் வீழ்ச்சி கற்பித்த அடக்கம் இங்கும் வேண்டற்பாலது.

இனி, மூன்றாவதொரு பிழைக்கு இடமுண்டு. அது கண்டிச் சீமைக்கும் தமிழருக்கும் நேரே உரியது. உடலைக் கொண்டு துயரைச் சொல்பவனிடம் உணர்ச்சிச் சொல் இல்லையென்று முடிவு கட்டுவதே அப்பிழை. தமிழில் அச்சம் குலையை நடுக்குகின்றது. துயரம் நெஞ்சை அடைக்கின்றது. செருக்கு தலையைக் கனக்கச் செய்கின்றது. பிறரால் வஞ்சிக்கப்பட்டவனுக்கு வயிறெரிகின்றது. தோட்டத்துப் பெண்ணொருத்தி மருந்தகத்திலே தன் வயிறெரிவதாகக் கூறின், மொழியறியாதவர் அமிலத்தை அடக்கும் மருந்தை எழுதுவார். மொழியறிந்தவர் யார் செய்த தீங்கென்று வினவுவார். வினாநிரலின் அளவுகோலால் மட்டும் நோக்கின், அவள் உணர்ச்சியை உடல்நோயென மயங்கியவளாகத் தோன்றக்கூடும். உண்மையில் அவள் தன் துயரைச் செவ்வனே சொல்லிவிட்டாள்.

இதனைத் தமிழிலக்கண மரபு நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தது. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் ஓர் இயல் முழுவதும் மெய்ப்பாட்டுக்கே உரியது. அழுகை, அச்சம், வெகுளி, உவகை, நகை, மருட்கை, பெருமிதம், இளிவரல் என எண்வகை உணர்ச்சிகளும் மெய்யிற் பட்டுத் தோன்றுவனவாகவே அங்கு வகுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும். அழுகைக்கு உரியன, பிறரால் இழிவுறுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலைகெட்டு வருந்துதல், வறுமை என்பன. மன்னாரிலிருந்து நடந்து வந்து, கங்காணியின் கடனிலும் லயன் அறையிலும் வாழ்ந்து, வழியிலே பிள்ளையைப் புதைத்த ஒருவருக்கு இந்நான்கும் ஒருங்கே வாய்த்திருந்தன. அவ்வழுகைக்கு ஏட்டில் நிரலில்லை, ஆனால் இலக்கணத்திலே பெயருண்டு, வாழ்க்கையிலே வடிவமுமுண்டு. மலையகத்தின் ஒப்பாரியும் தாலாட்டும் காமன் கூத்தும் அவ்வடிவங்கள். மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது, சொல்லற்றவர் எனக் கருதப்பட்டோரின் சொற்களையே உலகுக்கு அளித்தார்.

பேராதனையிற் கற்பித்துப் பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர 1985ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்று இங்கு நினைக்கத்தக்கது. மேலைநாட்டு மருத்துவம் மனச்சோர்வு நோயென எண்ணும் துயர், இலங்கைப் பௌத்தரிடையே உலகியல்பு பற்றிய தெளிவாக மாற்றம் பெறக்கூடும் என்றும், துயரைப் பொதுப் பொருளாக மாற்றுவது பண்பாட்டின் பணி என்றும் அவர் காட்டினார். கனடாவின் லோரன்ஸ் கேர்மேயர் 1987ஆம் ஆண்டில், உணர்வுச்சொல்லின்மையை ஒருவரின் தனிக்குறையாக மட்டும் கொள்ளாது, சமூகத்தோடும் பண்பாட்டோடும் பொருத்தி நோக்க வேண்டுமென வாதிட்டார்.

துயரைச் சொல்லாக்குவதால் உடல் பயன்பெறுமா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர், கீக்கோல்ட்-கிளேசர் இணையருடன் சேர்ந்து 1988ஆம் ஆண்டில் 50 மாணவரை ஆராய்ந்தார். நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 20 நிமிடம், தம் ஆழ்ந்த துயரங்களைப் பற்றி எழுதியோரின் நிணநீர்க்குழியங்கள், அற்ப விடயங்களைப் பற்றி எழுதியோரினவற்றைவிட ஊக்கமாகத் தொழிற்பட்டன. மருத்துவரை அவர்கள் நாடியதும் குறைந்தது. பின்வந்த சோதனைகளிற் பயன் இத்துணை தெளிவாக எப்போதும் தோன்றவில்லை. எனினும், சொல் வெறுங்காற்றன்று, அது குருதிவரை செல்லக்கூடியது என்னும் கருத்துக்கு அச்சோதனை வலுவூட்டியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? உணர்ச்சியை இனங்காண இயலாமை ஓர் உண்மையான இடர்ப்பாடு. அதற்கும் உடலின் காவலுக்கும் தொடர்புண்டு எனக் கருதுவதற்குத் தக்க சான்றுகளும் உள. ஆனால் அச்சான்றுகளைக் கையாள்வோர் மாத்தளைப் புழுவையும் பேர்த் நகரின் பற்றீரியாவையும் நினைவில் வைத்தல் வேண்டும். உடலை ஆராயாது உள்ளத்தைப் பழிப்பதும், உள்ளத்தைக் கேளாது உடலுக்கு மட்டும் மருந்திடுவதும் ஒரு பிழையின் இரு பக்கங்களே. பேராதனையில் 1962ஆம் ஆண்டு முதல் மருத்துவபீடம் மாணவரை உருவாக்கி வருகின்றது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழும் அலவத்துகொட போன்ற ஊர்களிலே அத்தகைய மருத்துவர் ஒருவர் பணிபுரியின், அவர்முன் வருவோர் தத்தம் மொழியிலும் தத்தம் உடலிலும் துயரைச் சொல்வர். அம்மொழியைக் கற்பதும் மருத்துவக் கல்வியின் பகுதியே. சொல்லில்லை என்று எழுதுமுன், கேட்ட செவிக்கு அச்சொல் தெரிந்திருந்ததா என்பதை ஆராய்தல் வேண்டும். சொல்லின்மை சிலபோது சொல்பவரிடம் இருக்கலாம். பலபோது அது கேட்பவரிடமே இருந்திருக்கின்றது.